மூன்றரை மணிக்குப் பிறகு குழந்தையை யார் பார்ப்பது?

கேள்வி:

மேடம், எங்கள் வீடு வேலந்தாவளம் பக்கம். கேரள எல்லைக்குள் இருந்தாலும் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். என் வீட்டுக்காரர் கோவை மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். நான் எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். அறுபது பேருக்கு மேல் வேலை செய்கிறோம், பெரும்பாலும் பெண்கள். காலை எட்டேகாலுக்குக் கம்பெனி வேன் வரும், திரும்பி வீடு சேர ஆறரை ஆகிவிடும். மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். இதுவரை மாமியார் பார்த்துக்கொண்டார். அவருக்கு மூட்டுத் தேய்மானம். இனிமேல் பிள்ளையின் பின்னால் ஓட முடியாது.

அங்கன்வாடி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மூன்றரை மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். மூன்று வயது ஆகட்டும் என்றும் சொல்கிறார்கள். பிரசவத்துக்குப் பொள்ளாச்சி அம்மா வீட்டுக்குப் போனபோது அங்கே பதிந்த பெயர் இன்னும் அங்கேயே இருக்கிறதாம். அதனால் அமிர்தம் சத்துமாவுப் பொடிகூட இங்கே ஒழுங்காகக் கிடைப்பதில்லை. டீச்சர் மலையாளத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார், இவனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கோவை ரோட்டில் ஒரு பிளே ஸ்கூலில் மாதம் 3,500 ரூபாய், வேன் தனி. என் நாத்தனார் இருக்கும் ஆஸ்திரேலியாவில் காப்பகக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசே கொடுக்கிறதாம். இங்கேயும் கோடி கோடியாக ஒதுக்குகிறார்களே, அதில் எங்கள் கைக்கு ஏதாவது வருமா? இல்லை, நான் வேலையை விடுவதுதான் வழியா?

ஒரு வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். வேலையை விட வேண்டாம். விட்ட வேலை திரும்பக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். இன்னும் எட்டு மாதத்தில் மகனுக்கு மூன்று வயது ஆகிவிடும். அதன்பின் பாதிச் சிக்கல் தானாகக் குறையும்.

கையில் பணம் வருமா என்றால், வராது. காப்பகக் கட்டணத்துக்கென்று தாயின் கணக்கில் பணம் போடும் திட்டம் மத்திய அரசிடம் இல்லை. நீங்கள் இருக்கும் கேரளத்திலும் இல்லை, வேலை பார்க்கும் தமிழ்நாட்டிலும் இல்லை. தாயின் கணக்குக்கு நேராக வருவதில் ஒன்று பிரதம மந்திரி மாத்ரு வந்தனா யோஜனா பணம். முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000 ரூபாய். அது பேறுகாலத்துக்கானது, குழந்தை பிறந்து 270 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மகனுக்கு வாங்காமல் விட்டிருந்தால் காலம் கடந்துவிட்டது. உங்கள் நாத்தனாரும் பணத்தைக் கையில் வாங்குவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த மானியம் நேராகக் காப்பகத்துக்குப் போகிறது. காப்பகம் அதைக் கழித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைப் பெற்றோரிடம் வாங்குகிறது.

நம் ஊரில் அரசு தேர்ந்தெடுத்த வழி வேறு. பணம் குடும்பத்துக்கு வராமல் ஓர் இடமாக, ஒரு டீச்சராக, ஒரு வேளைச் சாப்பாடாகக் குழந்தைக்கு வருகிறது. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. 2025-26 மத்திய பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது 21,960 கோடி ரூபாய். பெரிய தொகையாகத் தெரிகிறது இல்லையா? அந்த பட்ஜெட் உரையிலேயே 8 கோடிக் குழந்தைகள், ஒரு கோடி கர்ப்பிணி மற்றும் பாலூட்டும் தாய்மார்கள் என்று பயனாளிகளின் எண்ணிக்கையையும் சொன்னார்கள். அந்தத் தலைகளுக்குப் பிரித்துப் பாருங்கள், கோடி மறைந்துபோகும்.

சாப்பாட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு உள்ள பிள்ளைக்கு 12 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் உணவு தர வேண்டும் என்பது விதி. ஆக ஒரு பிள்ளைக்கு வருடம் முழுக்க 2,400 ரூபாய். உங்கள் பிளே ஸ்கூல் கேட்கிற ஒரு மாதக் கட்டணத்தைவிடக் குறைவு. இந்த எட்டு ரூபாயில் பாதி மத்திய அரசு, பாதி மாநிலம். அரிசி, கோதுமை மானிய விலையில் வருவதால்தான் ஏதோ சமாளிக்கிறார்கள். டீச்சரின் மதிப்பூதியத்துக்கான மத்திய அளவை 2018 அக்டோபரில் 4,500 ரூபாயாக உயர்த்தினார்கள். அதிலும் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம். அப்புறம் பல வருடம் அது அசையவே இல்லை. கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தங்கள் பணத்தைக் கூட்டிக் கொடுப்பதால்தான் அந்தப் பெண்கள் வேலையில் நீடிக்கிறார்கள். மூன்றரை மணிக்குப் பூட்டிவிட்டுப் போகிற டீச்சர் மேல் கோபம் வந்தால் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அங்கன்வாடிச் சாப்பாடு யாரோ பார்த்துப் போடுகிற தயவு இல்லை. 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள எல்லாக் குழந்தைக்கும் வயதுக்கேற்ற உணவை உள்ளூர் அங்கன்வாடி வழியாக இலவசமாகத் தரச் சொல்கிறது. ஏழையா, எந்த நிற ரேஷன் கார்டு, எந்த மாநிலத்து ஆதார் என்ற நிபந்தனை எதுவும் அங்கே இல்லை. எனவே உங்கள் மகனின் பெயர் பொள்ளாச்சியில் இருப்பது கணினிப் பதிவில் உள்ள ஒரு சிக்கல்தான், உரிமையில் எந்தக் குறையும் இல்லை.

அந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழி இது. அங்கன்வாடிப் பதிவு எல்லாம் இப்போது போஷண் டிராக்கர் என்ற செயலியில் நடக்கிறது. நாடு முழுவதும் ஒரே பதிவேடு என்பதால் ஒரு பிள்ளை இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு, மாநிலம் விட்டு மாநிலம்கூட, மாற்றுகிற வசதி அதில் உண்டு. பழைய மையத்து டீச்சர் ஒத்துழைத்தால் வேலை சுலபம். உங்கள் அம்மா பொள்ளாச்சியில்தானே இருக்கிறார்? அவரையே அங்குள்ள டீச்சரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் நீங்கள் உங்கள் ஆதார், பதிவில் கொடுத்த மொபைல் எண், குழந்தையின் தடுப்பூசி அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், தாயின் ஆதார் போதும். பிரசவ நேரத்தில் கொடுத்த மொபைல் எண் இப்போது உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள், ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுக்கு முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்ப்பதையும் கட்டாயமாக்கிவிட்டார்கள். நீங்கள் எட்டேகாலுக்கு வேன் ஏறிவிடுகிறவர். ஆகவே எந்த நாளில் எத்தனை மணிக்கு வந்தால் பொடி கிடைக்கும் என்று டீச்சரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை லீவு போட வேண்டி வரலாம்.

அந்த அமிர்தம் பொடியை அலட்சியம் செய்யாதீர்கள். கேரளத்தின் மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் தயாரிப்பது, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரைக்குமானது. மகனுக்கு இன்னும் எட்டு மாதம் அதில் பங்கு இருக்கிறது. மூன்று வயதுக்கு மேல் மையத்திலேயே சூடான சாப்பாடு. கேரளத்தில் பாலும் முட்டையும் மாநிலம் தன் செலவில் சேர்த்துக் கொடுக்கிறது. 2025 தொடக்கத்தில் ஒரு சின்னப் பையன் அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று கேட்ட வீடியோ ஊரெல்லாம் பரவியதே, பார்த்திருப்பீர்கள். அந்த ஜூனில் உணவுப் பட்டியலையே மாற்றி முட்டை பிரியாணியைச் சேர்த்தார்கள். சிரிப்பாக இருந்தாலும் எனக்குப் பிடித்த செய்தி. சாப்பிடுகிறவரின் பேச்சைக் கேட்டு அரசுப் பட்டியல் மாறுவது அடிக்கடி நடப்பதில்லை.

சரி, மூன்றரை மணிக்கு வருவோம். உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி இதுதான்.

குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் நீண்ட காலம் இருந்தவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். அங்கன்வாடி குழந்தையின் வயிற்றையும் எடையையும் மனத்தையும் மனத்தில் வைத்து உருவானது. தாயின் வேலை நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் ஒரு பாட்டி இருப்பாள், அம்மா பக்கத்துக் காட்டில் களை எடுத்துவிட்டு மூன்று மணிக்கு வந்துவிடுவாள் என்று எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பகுதியில் கடலைக்காட்டு வேலை இருந்த காலத்துக்கு அது ஓரளவு பொருந்தியது. வேன் ஏறிக் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு அது பொருந்தவில்லை. ஐம்பது ஆண்டில் இந்த நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பது திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை என்பேன். பணம் குறைவு என்பதைவிட இது பெரிது.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் பால்னா என்ற காப்பகத் திட்டம். பழைய தேசியக் காப்பகத் திட்டத்தை 2022-ல் மிஷன் சக்தி என்ற பெண்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் கொண்டுவந்து இந்தப் பெயர் வைத்தார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சேர்க்கலாம். ஆகவே 'மூன்று வயது ஆகட்டும்' என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும். தூங்க இடம், சாப்பாடு, எடை பார்ப்பது, மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விளையாட்டு, மேலே உள்ளவர்களுக்கு முன்பருவக் கல்வி எல்லாம் உண்டு. ஒரு காப்பகத்தில் 25 குழந்தைகள் வரை. ஏற்கெனவே உள்ள அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்தும் வகைதான் இப்போது அதிகம் பேசப்படுகிறது. நாடு முழுக்க இப்படி 17,000 அங்கன்வாடிகளை மாற்றுவது இலக்கு. கூடுதலாக ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், அவர்களுக்கு மதிப்பூதியம். செலவு வழக்கம்போல 60-க்கு 40.

இருபத்தைந்து பிள்ளைக்கு இரண்டு பேர் என்பது எனக்குத் திருப்தியான கணக்கு இல்லை. அதில் பத்துப் பேர் இரண்டு வயதுக்காரர்களாக இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் பூட்டிய கதவைவிட அது எவ்வளவோ மேல். ஏழரை மணி நேரம் என்றாலும் ஆறரை வரை எட்டாது என்பதும் உண்மை. எந்த நேரத்துக்குத் திறப்பது என்பதை அந்தப் பகுதித் தாய்மார்களின் வேலை நேரத்தை ஒட்டி வைக்கக் கேட்கலாம். சித்தூர் வட்டாரத்தில் பால்னா காப்பகம் எங்காவது இருக்கிறதா, உங்கள் அங்கன்வாடியை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று ஐ.சி.டி.எஸ். அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் 'பார்க்கலாம் சேச்சி' என்று அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது உங்கள் கம்பெனி. நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன 'அறுபது பேருக்கு மேல்' என்ற வார்த்தையில்தான் ஒரு பெரிய பிடி இருக்கிறது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரவும் அனுமதிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே ஐம்பதைத்தான் வைத்திருக்கிறது. கவனியுங்கள், ஐம்பது பெண்கள் என்று இல்லை, ஐம்பது தொழிலாளர்கள். இரவுக் காவலாளியும் இஸ்திரி போடும் அண்ணனும் அந்தக் கணக்கில் வருவார்கள். கம்பெனி இருப்பது தமிழ்நாட்டில், நீங்கள் குடியிருப்பது கேரளத்தில் என்பது இங்கே பொருட்டே இல்லை. வேலை நடக்கும் இடத்துக்குத்தான் சட்டம்.

முதலாளி உள்ளேயே தனிக் கட்டடம் கட்ட வேண்டும் என்றும் இல்லை. பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் வைக்கலாம். அரசோ, நகராட்சியோ, தனியாரோ நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்த ஏற்பாடு செய்துகொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த ரோட்டில் தையல் கம்பெனி உங்களுடையது மட்டுமா இருக்கப்போகிறது? நீங்கள் தனியாகப் போய் ஹெச்.ஆரிடம் கேட்காதீர்கள். சிறு பிள்ளை வைத்திருக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, குழந்தைகளின் வயதையும் எழுதிக் கொடுங்கள். முதல் கடிதத்திலேயே புகார் தொனி வேண்டாம். பதில் வராவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அதே கடிதத்தின் நகலை அனுப்பலாம். ஒப்பந்தக்காரர் பெயரில் ஆளைப் பிரித்து வைத்து, எங்களிடம் நாற்பது பேர்தான் என்று சொல்வார்கள். அதற்கும் தயாராக இருங்கள். எத்தனை பேர் ஒரே கேட் வழியாக உள்ளே போகிறீர்கள் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மாநிலத்திலேயே மூணாறு, பீர்மேடு பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நம் தமிழ்ப் பெண்கள் காலையில் பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் மலை ஏறுகிறார்கள். 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் போட்ட வழி அது. 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால், அல்லது அவர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தால், நிர்வாகம் காப்பகம் வைத்தாக வேண்டும் என்றது. தொழிற்சாலைச் சட்டத்திலும் ஐம்பது பெண்கள் என்று இருந்ததை 1976-ல் முப்பதாகக் குறைத்தார்கள். எஸ்டேட் காப்பகங்கள் எல்லாம் தரமாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டு வாங்கும் வழக்கம் அங்கே இருந்தது. சங்கம் இருந்தது. தையல் கம்பெனிகளில் இல்லாதது அதுதான்.

மூன்றாவது வழி உங்கள் பஞ்சாயத்து. தமிழ்நாட்டில் இருக்கும் என் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கும். கேரளத்தில் அங்கன்வாடி பஞ்சாயத்தின் பொறுப்பில் வரும் நிறுவனம். உணவுச் செலவும் கட்டடமும் பஞ்சாயத்தின் திட்ட நிதியோடு பிணைந்தவை. அந்தத் திட்ட நிதியில் பத்து சதவீதத்தைப் பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும். குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு இன்னொரு ஐந்து சதவீதம். ஒவ்வொரு வருடமும் அதில் என்ன செய்வது என்று பல பஞ்சாயத்துகள் யோசித்துத் தையல் மெஷின், கோழிக்குஞ்சு என்று போய்விடும். மூன்றரையிலிருந்து ஆறரை வரை ஒரு காப்பகம் என்று யாரும் கேட்டால்தானே எழுதுவார்கள்? வார்டு கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். வேலை நாளில் வைத்தால் உங்களால் போக முடியாது என்பது தெரியும். மாமியார் போகலாமே. உட்கார்ந்து பேச மூட்டு தேவையில்லை, அந்த வயசு அம்மா எழுந்து பேசினால் மெம்பரால் சட்டென்று தட்டிக்கழிக்கவும் முடியாது. தமிழிலேயே பேசட்டும், உங்கள் பக்கத்து மெம்பர்களுக்குத் தமிழ் புரியாமலா இருக்கும்?

அங்கன்வாடி அளவில் வார்டு மெம்பர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழுவும் இருக்கும். ஒரு தாயாக அதில் இடம் கேளுங்கள். மூன்று வயது ஆகாத பிள்ளையைக் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்கலாமா, உதவியாளர் கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்தால் பெற்றோர் சேர்ந்து ஏதாவது கொடுக்கலாமா என்பன போன்ற சின்னச் சின்ன விஷயங்களை அங்கேதான் பேசி முடிக்க முடியும். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தால் பையன் காலேஜ் போய்விடுவான்.

இவை எதுவும் அடுத்த மாதமே நடக்காது. அதுவரை என்ன செய்வது? எனக்குத் தோன்றுவது இது. மாமியார் வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் ஓடுகிற வேலை வேறொருவருக்கு. உங்கள் தெருவில் குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு, இருக்கும். அதில் நம்பிக்கையான ஒரு பெண்ணிடம், காலை ஒன்பது முதல் மாலை ஆறரை வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் பேசுங்கள். பிளே ஸ்கூலுக்குக் கட்ட நினைத்த 3,500 ரூபாயோடு வேன் காசையும் சேர்த்தால் ஒரு கௌரவமான தொகை வரும். இன்னும் ஒன்றிரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தால் அவருக்கும் கட்டுப்படியாகும். அது பிடித்துப்போனால் அதையே ஒரு சிறு தொழிலாகக் குடும்பஸ்ரீயில் பதிந்து, பஞ்சாயத்து உதவி கேட்கவும் முடியும். மாமியாரின் கண் பிள்ளை மேல் இருக்கும், கதை சொல்வார், சோறு ஊட்டுவார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மூன்று வயது முடிந்ததும் ஒன்பதரையிலிருந்து மூன்றரை அங்கன்வாடி, அப்புறம் அந்த அக்கா என்று மாற்றிக்கொள்ளலாம்.

பிளே ஸ்கூலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பிளே ஸ்கூல்களுக்கென்று 2015-ல் விதிமுறை வந்தது. ஆகவே அனுமதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்படி 20 பிள்ளைக்கு ஓர் ஆசிரியையும் ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டும். இரண்டரை வயதில் நோட்டு வாங்கச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். அந்த வயது விரல் பென்சில் பிடிப்பதற்கு இல்லை. அதோடு, அந்தப் பள்ளியும் மூன்று மணிக்கு விட்டுவிடுமே, அதைக் கேட்டீர்களா?

மொழியைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு எனக்குப் பயம் இல்லை. இந்த வயதில் பிள்ளைகள் இரண்டு மொழியையும் தனித்தனியே பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் நிறைவாகத் தமிழ் பேச்சும் கதையும் இருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. முதல் சில வாரம் பேசாமல் உட்கார்ந்திருப்பான். கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் பசி, ஒன்றுக்கு, வலி, அம்மா ஆகியவற்றை அவன் தமிழில் சொன்னால் புரிந்துகொள்ள அங்கே ஒருவர் இருக்க வேண்டும். டீச்சரோ ஹெல்பரோ, யாரேனும் ஒருவர். அதை நேரில் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்து மையங்களில் இது பெரும்பாலும் பிரச்சினையாக இருக்காது. தமிழ்ப் பாட்டும் கதையும் மையத்தில் வேண்டும் என்று தாய்மார்கள் சேர்ந்து கேட்பதும் நியாயம்தான். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு வசதி செய்யச் சொல்கிறது. அது பள்ளிக்குத்தான், அங்கன்வாடிக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் கோரிக்கை மனுவில் எழுதினால் கனம் கூடும். முதல் வகுப்பில் தமிழ்ப் பிரிவா மலையாளமா என்பதுதான் நீங்களும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேச வேண்டிய பெரிய முடிவு. அதற்கு இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் அரசுப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரி முதல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார்கள். அங்கே சேர்க்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம் என்பேன். தினமும் எல்லை தாண்டி மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுபோவது யார்? மதியம் ஜுரம் வந்தால் கூட்டிவருவது யார்? நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மையம்தான் உங்களுக்கு.

இந்த வாரம் செய்ய வேண்டியது பொள்ளாச்சி டீச்சருக்கு உங்கள் அம்மா மூலம் ஒரு போன். பெயர் இங்கே ஏறினால்தான் உங்கள் மையத்தின் பிள்ளைக் கணக்கு கூடும். காப்பகம் கேட்டு நீங்கள் கொடுக்கும் மனுவைப் படிக்கிற சூப்பர்வைசர் முதலில் பார்ப்பதும் அந்தக் கணக்கைத்தான். தெருவில் இன்னும் யார் பெயரெல்லாம் அம்மா வீட்டு ஊரிலேயே கிடக்கிறது என்றும் விசாரியுங்கள், எல்லைப் பக்கம் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்க மாட்டீர்கள். மனு கொடுக்கும்போது இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் என்ன வந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.